கிளட்ச் பிளேட்டை மாற்றுவதற்கு முன்: பைக் கிளட்ச்சை நாமே பார்த்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

தக்காளி வரத்து உச்சத்தில் இருந்த ஒரு காலை. பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு கிரேட் தக்காளியை ஸ்பிளெண்டரின் பின்னால் கட்டிக்கொண்டு ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். வழியில் சின்ன ஏற்றம்தான். ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க இன்ஜின் கத்துகிறது, வண்டி மட்டும் நகர மனமில்லாமல் ஊர்கிறது. பக்கத்தில் சைக்கிளில் போனவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு முந்திப் போனார்.

அன்று மதியமே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பிளேட் போயிடுச்சுங்கண்ணா, மாத்திடலாம்" என்றார்கள். ஆயிரத்துச் சொச்சம் ஆனது. சரியாக ஒரு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் பழைய கதைதான். இரண்டாவது முறை வேறொரு ஊரில், புளிய மரத்தடியில் கடை போட்டிருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் எந்த ஸ்பேனரையும் எடுக்கவில்லை. கிளட்ச் லீவரை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். "தம்பி, இதுல ப்ளேவே இல்லியே. யார் இவ்வளவு டைட் வெச்சது?" என்றார்.

வைத்தது நான்தான். லீவர் லொடலொட என்று ஆடுவது எனக்குப் பிடிக்கவில்லை என்று சில மாதங்களுக்கு முன் நானே முறுக்கி வைத்திருந்தேன். பிளேட் மாற்றிய கடைக்காரரும் அதை அப்படியே விட்டிருந்தார்.

அந்த நாளுக்குப் பிறகு கிளட்ச் பற்றி ஒரே ஒரு ஒழுங்கை வைத்துக்கொண்டேன்: வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். முதலில் லீவர், பிறகு கேபிள், பிறகு ஆயில், கடைசியில்தான் கவரைக் கழற்றுவது. முதல் மூன்றுக்கும் ஒரு காலைப்பொழுது போதும், ஆயில் தவிரச் செலவும் பெரிதாக இல்லை. பல கடைகளில் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் பார்க்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கியர் பைக்குகளில் இருப்பது ஆயிலில் நனைந்தபடி வேலை செய்யும் பல பிளேட் கிளட்ச். உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட் ஒன்று, வெறும் ஸ்டீல் பிளேட் ஒன்று என மாறி மாறி அடுக்கியிருக்கும். உராய்வு பிளேட்டுகளின் காதுகள் வெளிக்கூட்டில் மாட்டியிருக்கும். அந்தக் கூடு இன்ஜினோடு சுற்றும். ஸ்டீல் பிளேட்டுகள் நடுவில் உள்ள ஹப்பில் மாட்டியிருக்கும். அது கியர்பாக்ஸோடு சேர்ந்தது. ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை எப்போதும் இறுக்கிப் பிடித்திருப்பதால் இரண்டும் ஒன்றாகச் சுற்றி வண்டி போகிறது. லீவரைப் பிடித்தால் கேபிள் ஒரு கையை இழுத்து, அந்தக் கை ஒரு ராடைத் தள்ளி, ஸ்பிரிங்கின் பிடியைத் தளர்த்துகிறது.

ஆக, லீவரை விட்ட நிலையில் கிளட்ச் முழுசாகப் பிடித்திருக்க வேண்டும். கேபிள் கொஞ்சம்கூடத் தொய்வில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தால், நாம் லீவரைத் தொடாமலேயே அதைப் பாதி பிடித்தபடி ஓட்டுவதாகத்தான் அர்த்தம். அதனால்தான் லீவரில் சின்ன ஆட்டம் கட்டாயம். மெக்கானிக்குகள் அதை ப்ளே என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. கேபிள் நீண்டால் ப்ளே கூடும். பிளேட் தேய்ந்தால் பெரும்பாலான வண்டிகளில் ப்ளே குறையும், ஏனென்றால் அடுக்கு மெலிய மெலிய அந்த ராட் கேபிள் பக்கமாக வந்து தொய்வைத் தின்றுவிடும். நீங்கள் எதையும் தொடாமலேயே லீவர் மாதாமாதம் இறுகிக்கொண்டு வருகிறதென்றால் உள்ளே பிளேட் தேய்கிறது என்று பொருள். லீவர் மெல்ல மெல்ல லூசாகிறதென்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

டி.வி.எஸ். எக்ஸ்.எல். வைத்திருப்பவர்களுக்கும் ஸ்கூட்டர்காரர்களுக்கும் இந்தக் கட்டுரை உதவாது. ஓசூரில் 1980இல் டி.வி.எஸ். 50 வந்த காலத்திலிருந்தே மொபெட்டில் இருப்பது வேகம் கூடினால் தானாகப் பிடிக்கும் கிளட்ச். அதற்கு லீவரும் இல்லை, கேபிளும் இல்லை. ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பெரிய வண்டிகளையும் நான் இங்கே தொடவில்லை.

எந்த நோய் என்று முதலில் பார்க்க வேண்டும்

"கிளட்ச் போச்சு" என்ற ஒரே வார்த்தைக்குள் நாலு வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றின் மருந்தும் வேறு. இரண்டுக்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான மருந்து.

முதலாவது வழுக்கல், கடை மொழியில் ஸ்லிப். இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. பளு ஏற்றியபோதும் மேட்டில் ஏறும்போதும் முதலில் தெரியும். முற்றிப்போனால் தீய்ந்த வாசனை வரும், மைலேஜ் குறையும். இதைச் சோதிக்க ஆளில்லாத நேர் ரோட்டில் மூன்றாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் போய், ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்குங்கள். சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. சத்தம் மட்டும் எகிறி, வேகம் பின்னால் சோம்பலாக வந்தால் வழுக்குகிறது.

நின்ற இடத்திலேயே சோதிக்கவும் ஒரு வழி உண்டு. முன் சக்கரத்தைச் சுவரில் முட்டவிட்டு, இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்ச்சை விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உடனே அணையும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பதில் கிடைத்துவிட்டது. இதை ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள். சோதனையே பிளேட்டைத் தின்னும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. ஆக்சிலேட்டர் முறுக்கினால் சத்தமும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் இல்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, கார்புரேட்டர், பின் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது என்று வேறு எங்காவது தேட வேண்டும். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தாலே பிரேக் விஷயம் தெரிந்துவிடும். கிருஷ்ணகிரியில் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்டில் வேலை செய்யும் என் மச்சான் மூன்று மாதம் கிளட்ச்சைத் திட்டிக்கொண்டே திரிந்தான். கடைசியில் பார்த்தால் ஏர் ஃபில்டரில் கல் மாவு தோசை மாவு மாதிரி அப்பியிருந்தது. கடகடவென்று இடித்துக்கொண்டு வண்டி தாவினால் செயினையும் ஸ்பிராக்கெட் பற்களையும் பாருங்கள்.

இரண்டாவது, கிளட்ச் முழுசாக விடாமல் இழுப்பது. லீவரைக் கைப்பிடியோடு ஒட்டப் பிடித்திருந்தாலும் முதல் கியரில் வண்டி முன்னே நகரப் பார்க்கும். சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் விழாது. கியர் போடும்போது "டொக்" என்று அடிக்கும். இது பெரும்பாலும் ப்ளே அதிகமாக இருப்பதால் வருவது. வழுக்கலுக்குக் கேபிளைத் தளர்த்த வேண்டும், இதற்கு இறுக்க வேண்டும். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு திருகியவர்களின் வண்டிதான் அப்புறம் பிளேட் தீய்ந்து கடைக்கு வருகிறது.

காலையில் முதல் கியர் போடும்போது மட்டும் வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோவது வேறு விஷயம். இரவு முழுக்க நின்றதில் பிளேட்டுகளுக்கு நடுவே ஆயில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் கியர் போட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டினால் பிளேட் பிரிந்துவிடும். மார்கழிக் குளிரில் எனக்கு இது தினசரி வேலை.

மூன்றாவது, கிளட்ச்சை விடும்போது வண்டி உதறுவது. நாலாவது, லீவர் கல் மாதிரி கனமாக இருப்பது. கனமான லீவர் கிட்டத்தட்ட எப்போதும் கேபிள் வேலை. உதறல் பெரும்பாலும் உள்ளே இருப்பது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ப்ளே வைப்பது

இன்ஜின் சூடாக இருக்கும்போது இந்த வேலையில் இறங்காதீர்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் செய்வதே சரி. 10, 12 ஸ்பேனர்கள், ஒரு பிளையர், பள்ளிக்கூட ஸ்கேல், ஆயில் கேன். சில வண்டிகளுக்கு 8 ஸ்பேனரும் கேட்கும்.

முதலில் அளவு. ஹேண்டில்பாரை நேராக வைத்து, லீவரின் நுனியில் ஒரு விரலை வைத்து மெல்ல இழுங்கள். கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் வரும், பிறகு ஸ்பிரிங்கின் கனம் கையில் தட்டும். அந்தத் தட்டும் இடம் வரை நுனி எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் ப்ளே. ஸ்பிளெண்டர் போன்ற 100 சிசி வண்டிகளுக்கு லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. என்பது அளவு. சுண்டுவிரல் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். சில கம்பெனிகளின் கையேட்டில் 2 முதல் 3 மி.மீ. என்று இருக்கும். பதற வேண்டாம். அவர்கள் அளப்பது நுனியில் இல்லை, லீவரின் வேர்ப்பக்கம், லீவருக்கும் அதன் பிடிக்கும் நடுவே விழும் இடைவெளியை. எந்த இடத்து அளவு என்று பார்க்காமல் நுனியில் 2 மி.மீ. வைத்தால் என் தக்காளிக் கதைதான் உங்களுக்கும்.

திருகும் இடம் இரண்டு. ஒன்று லீவரின் பக்கத்தில், ரப்பர் உறைக்குள் ஒளிந்திருக்கும் சின்ன அட்ஜஸ்டர். இன்னொன்று கீழே, கேபிள் இன்ஜினுக்குள் போகும் இடத்தில் இரண்டு நட்டுகளோடு இருப்பது. எல்லோரும் மேலே உள்ளதை மட்டும் திருகித் திருகி அதன் மரை முழுக்க வெளியே வந்து ஆடும் நிலைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். கீழேதான் தொடங்க வேண்டும்.

மேல் அட்ஜஸ்டரின் லாக் வளையத்தைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை முழுசாக உள்ளே திருகுங்கள். அப்புறம் ஒன்றிரண்டு சுற்று வெளியே எடுத்து நிறுத்துங்கள். கேபிள் இப்போது நன்றாகத் தொய்ந்திருக்கும். இந்த நேரத்தில் கீழே, இன்ஜினில் கேபிள் மாட்டியிருக்கும் கையை விரலால் ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டத்துக்குப் பிறகு ஸ்பிரிங் தடுக்க வேண்டும். கேபிள் முழுக்கத் தொய்ந்திருந்தும் அந்தக் கை இறுகியே இருந்தால் கோளாறு உள்ளே இருக்கிறது. கேபிளைத் திருகிப் பயனில்லை. சில பழைய மாடல்களில் இன்ஜின் கவரில் ஒரு மூடிக்குப் பின்னால் ஸ்க்ரூவும் லாக் நட்டுமாகத் தனி அட்ஜஸ்ட்மென்ட் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் அது இருந்தால் கேபிளுக்கு முன் அதைத்தான் வைக்க வேண்டும்.

இனி கீழ் நட்டுகள். லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்ட் நட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் மேலே வந்து ஸ்கேலால் அளங்கள். நடந்து நடந்து கால் வலிக்கும், பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பையன் கிடைத்தால் லீவரில் உட்கார வைக்கலாம். 15 மி.மீ.க்குப் பக்கத்தில் வந்ததும் அட்ஜஸ்ட் நட்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். பிடிக்காமல் இறுக்கினால் இரண்டும் சேர்ந்து சுற்றி, வைத்த அளவு போய்விடும்.

மேலே உள்ள அட்ஜஸ்டர் கடைசிச் சின்னத் திருத்தத்துக்கு. வெளியே திருகினால் ப்ளே குறையும், உள்ளே திருகினால் கூடும். வழியில் நின்று சரிசெய்யவும் இதுதான். முடிந்ததும் ஒரு விஷயம்: அட்ஜஸ்டரிலும் லாக் வளையத்திலும் லீவர் பிடியிலும் கேபிளைக் கழற்றுவதற்காக ஒவ்வொரு பிளவு இருக்கும். மூன்றும் ஒரே கோட்டில் நிற்கக் கூடாது. நின்றால் மழைத் தண்ணீர் நேராகக் கேபிளுக்குள் இறங்கும், சில சமயம் கேபிளே நழுவி வெளியே வந்துவிடும். லாக் வளையத்தைக் கால் சுற்று தள்ளி இறுக்கினால் போதும்.

பிறகு ஹேண்டில்பாரை இடது கடைசி வரை ஒடித்து ஒரு தரம், வலது கடைசி வரை ஒடித்து ஒரு தரம் ப்ளேயை அளந்து பாருங்கள். ஒடிக்கும்போது ப்ளே காணாமல் போகிறதென்றால் கேபிள் போகும் வழி தப்பாக இருக்கிறது. எங்கோ மாட்டி இழுக்கிறது. உடைந்த ஹெட்லைட்டைக் கடையில் மாற்றும்போது இப்படி நடப்பதை இரண்டு வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சைப் பிடித்து முதல் கியர் போடுங்கள். பின் சக்கரம் மெல்லச் சுற்றலாம், ஆயில் இழுப்பில் அப்படித்தான் சுற்றும். கால் பிரேக்கை லேசாகத் தொட்டதும் இன்ஜின் திணறாமல் சக்கரம் நிற்க வேண்டும். அதற்கப்புறம் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது மறுபடி ஒரு தரம் லீவரைத் தொட்டுப் பாருங்கள். சூட்டில் ப்ளே துளியும் இல்லாமல் போனால் இன்னும் கால் சுற்று விடுங்கள்.

கேபிள்

லீவர் கனமாக இருந்தால், கீழ் முனையில் கேபிளைக் கழற்றி லீவரை ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். அப்போதும் கனமாக இருந்தால் கேபிளோ லீவர் போல்ட்டோ காரணம். லேசாக இருந்தால் கனம் இன்ஜின் பக்கம்.

ஆயில் விட, மேல் முனையை லீவரிலிருந்து கழற்றுங்கள். பால் பாக்கெட்டின் ஒரு மூலையை வெட்டி, அந்த ஓட்டை வழியாகக் கேபிள் முனையை நுழைத்து, இன்சுலேஷன் டேப்பால் சுற்றிக் கட்டினால் நல்ல புனல் ஆகிவிடும். அதில் கொஞ்சம் மெல்லிய ஆயில் ஊற்றி உள் கம்பியை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள். கீழ் முனையில் முதலில் துருப்பிடித்த கறுப்புத் தண்ணீர் சொட்டும், பிறகு சுத்தமான ஆயில். அதுவரை விட வேண்டும். உள்ளே நைலான் குழல் உள்ள கேபிள்களுக்குக் கிரீஸ் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லீவர் திரும்பும் போல்ட்டைக் கழற்றித் துடைத்துத் துளி கிரீஸ் வைக்க மறக்காதீர்கள். லீவர் கனத்தில் பாதி அங்கேதான் இருக்கும்.

முனைகளில் உள்ள உருண்டைத் தலைக்குப் பக்கத்தில் கம்பியைக் கூர்ந்து பாருங்கள். ஒரு நார் அறுந்து விரலில் குத்தினாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். இன்னும் ஓடும், ஆனால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. புதுக் கேபிள் மாட்டும்போது பழையதை வெறுமனே உருவி எடுக்காதீர்கள். பழையதன் கீழ் முனையில் ஒரு நீளமான சணல் கயிற்றைக் கட்டி மேல்பக்கம் உருவினால், கயிறு அதே வழியில் கிடக்கும். அதில் புதுக் கேபிளைக் கட்டி இழுத்தால் கம்பெனி போட்ட வழியிலேயே போய் உட்காரும்.

ஆயில்

பெரியவர் லீவரைச் சரிசெய்த பிறகு கேட்ட இரண்டாவது கேள்வி, "என்ன ஆயில் ஊத்துறீங்க?" என்பது. நல்லவேளை, அதில் நான் தப்பு செய்யவில்லை. ஆனால் டிராக்டருக்கோ காருக்கோ வாங்கிய ஆயிலில் மிச்சம் இருந்தால் பைக்கில் ஊற்றுவது நம் பக்கம் சாதாரணம்.

பைக் கிளட்ச் அதே இன்ஜின் ஆயிலில்தான் குளிக்கிறது. சில கார் ஆயில்களில் எரிபொருள் மிச்சம் பிடிக்க வழவழப்பைக் கூட்டும் சேர்மானம் போட்டிருப்பார்கள். இன்ஜினுக்கு அது நல்லது, பிளேட்டுக்குச் சனி. டப்பாவின் பின்பக்கத்தில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்கிறதா பாருங்கள். அது ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கான ஜப்பானியத் தரம். எம்.பி. என்று இருந்தால் அது ஸ்கூட்டர் மாதிரி கிளட்ச் தனியாக இருக்கும் வண்டிகளுக்கானது. தடிமனை உங்கள் கையேடு சொல்லும் எண்ணிலேயே வையுங்கள், ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30. கெட்டியான ஆயில் ஊற்றினால் வெயிலுக்கு நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் காலையில் கியர் போடும்போது அடிக்கும் அடியைக் கேட்டால் புரியும்.

ஆயிலை வடிக்கும்போது ஒரு விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். தீய்ந்த நெடியும் கறுப்பு மாவு மாதிரி துகளும் இருந்தால் பிளேட் எரிந்திருக்கிறது. ப்ளே சரி, ஆயில் சரி, இன்னும் வழுக்குகிறது என்றால் இனிமேல்தான் கவரைத் திறக்க நியாயம் இருக்கிறது.

கவரைத் திறப்பது

இதை முதல் முறை செய்பவர் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. நேரமும் நிழலும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொடங்காதீர்கள்; ஆயில் கசியாமல் கவருக்கு அடியில் வைக்கும் பேக்கிங் கிழிந்து, கடை மூடியிருக்கும்.

ஆயிலை வடித்துவிட்டுக் கேபிளைக் கழற்றுங்கள். பெரும்பாலான இந்திய பைக்குகளில் கிளட்ச் வலது பக்கம். கிக்கர், தேவைப்பட்டால் ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் எல்லாம் விலக வேண்டும். கவர் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளப் போல்ட்டைக் குட்டை ஓட்டையில் வைத்து முறுக்கி அலுமினியத்தை உடைத்த வண்டிகள் எத்தனையோ. கவர் வராவிட்டால் மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரை நடுவே விட்டு நெம்பினால் அந்தக் கீறல் வழியாக வாழ்நாள் முழுக்க ஆயில் கசியும்.

ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். பிளேட்டுகளை எடுக்கும் வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். ஓரத்தில் உள்ள பிளேட் சில வண்டிகளில் மற்றதிலிருந்து வேறுபடும்.

இப்போது பார்ப்பது நாலு இடத்தில். உராய்வு பிளேட்டின் தடிமனை வெர்னியரால் மூன்று இடத்தில் அளங்கள். இந்தச் சின்ன வண்டிகளில் புதுசு 3 மி.மீ.க்கு ஒட்டி இருக்கும். 2.6க்கு இறங்கினால் மாற்ற வேண்டும், உங்கள் மாடலின் கணக்கு கையேட்டில் இருக்கும். தடிமன் சரியாக இருந்தும் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்துத் தீய்ந்த வாசனை அடித்தால் அதுவும் போனதே. ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஓரத்தை அழுத்திப் பாருங்கள். தாளம் போட்டால் வளைந்திருக்கிறது. நீலம் பூத்திருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தினால் குட்டையானது தானாகத் தெரியும். ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் செட்டாக மாற்றுங்கள்.

நாலாவது இடத்தைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. வெளிக்கூட்டின் விரல்களில், பிளேட்டின் காதுகள் உட்காரும் விளிம்பை நகத்தால் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். படிக்கட்டு மாதிரி நகம் சிக்கிச் சிக்கி இறங்கினால் அந்தப் பள்ளங்களில் பிளேட் மாட்டிக்கொள்கிறது. கிளட்ச் இழுப்பதற்கும் விடும்போது உதறுவதற்கும் அதுதான் காரணம். புதுப் பிளேட் போட்டாலும் உதறல் அப்படியே இருக்கும். லேசான பள்ளத்தை மெல்லிய அரத்தால் சமன் செய்யலாம். ஆழமாக இருந்தால் கூட்டையே மாற்ற வேண்டும், செலவு கூடத்தான்.

புதுப் பிளேட்டுகளை முந்தின இரவே இன்ஜின் ஆயிலில் ஊறப் போடுங்கள். காய்ந்த பிளேட்டை அப்படியே மாட்டினால் முதல் கிலோமீட்டரிலேயே தீயும். மாட்டும்போது, அடுக்கை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் பற்கள் ஹப்பின் பற்களுக்குள் முழுசாக உட்கார்ந்ததா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டே போல்ட்டைப் பிடியுங்கள். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சின்ன போல்ட், அலுமினியத் தூண். முழங்கையின் பலம் தேவையில்லை, மணிக்கட்டின் பலம் போதும். புதுப் பேக்கிங், கவர், ஆயில்.

அப்புறம் ப்ளேயை ஆரம்பத்திலிருந்து திரும்ப வைக்க வேண்டும். புதுப் பிளேட் தடிமன் என்பதால் பழைய அளவு இனி பொருந்தாது. என் வண்டியில் விட்டுப்போனது இந்தக் கடைசி வேலைதான். தடிமனான பிளேட் கொடுத்த மயிரிழைத் தொய்வில் ஒரு வாரம் ஓடியது, பிளேட் படிந்ததும் அந்தத் தொய்வும் போய்விட்டது. கழற்றிக் கொடுத்த பழைய பிளேட்டுகளைப் பின்னாளில் வெர்னியரில் அளந்தேன்: 2.8 மி.மீ. இருந்தது.

ஓட்டும் கை

இரண்டு விரலை லீவரின் மேலேயே வைத்து ஓட்டும் பழக்கம் ப்ளே இல்லாத கேபிளுக்குச் சமம். டவுனுக்குள் புரிகிறது, நாலு ரோட்டு நெரிசலில் வேறு வழியில்லை. ஆனால் வத்தல்மலை ஏற்றத்தில் வளைவுக்கு வளைவு பாதி கிளட்ச்சில் ஏறுகிறவர்களைப் பார்க்கிறேன். வளைவுக்கு முன்பே ஒரு கியர் குறைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டால் வண்டி தானாக ஏறும். தொப்பூர் கணவாயிலும் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையிலும் கிளட்ச்சைப் பிடித்தபடியே உருட்டிக்கொண்டு போவது இன்னொரு பழக்கம். பெட்ரோல் மிச்சம் என்று சொல்வார்கள். இன்ஜின் பிடிமானம் இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கில் விழும் இடம் அது. பிளேட்டைப் பற்றிப் பேச வேண்டிய இடமே இல்லை.

வழியில் கேபிள் அறுந்தால்

பதறாதீர்கள், ஆக்சிலேட்டரை விட்டுப் பிரேக் பிடித்து ஓரம் கட்டுங்கள். நிற்கும் நேரத்தில் இன்ஜின் அணையும், அணையட்டும். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டியை உட்கார்ந்தபடியே காலால் உந்தி, இறக்கம் இருந்தால் உருட்டி, நடை வேகம் வந்ததும் முதல் கியரை அழுத்துங்கள். ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பும். மேலே போகும் கியர்களுக்கு ஆக்சிலேட்டரை முழுசாக விடும் அதே நொடியில் காலால் தட்டினால் போதும், கிளட்ச் இல்லாமலே விழும். நிற்க வேண்டிய இடம் தூரத்தில் தெரியும்போதே வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். நெரிசலில் இதைச் செய்யக் கூடாது, தள்ளிக்கொண்டே போங்கள்.

அந்தத் தக்காளி வருடத்துக்குப் பிறகு பெட்டிக்குள் ஒரு புதுக் கேபிளைச் சுருட்டிப் போட்டு வைத்திருக்கிறேன், கூடவே 10-12 ஸ்பேனர் ஒன்று. ஒரு முறை இண்டூர் தாண்டி அறுந்தது. டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி மாட்டினேன். சொல்லியிருந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது, அவ்வளவுதான்.